பெயரில்லாப் படங்கள்: கிள்ளான், பிரிக்பீல்ட்ஸ் அன்றாடக் காட்சி நிழற்படங்கள் குறித்த ஒரு திணைநோக்கு

முன்னுரை

மலேசியத் தமிழர் வாழ்வு முன்னெப்போதும் இல்லாத அளவுக்கு இன்று படமெடுக்கப்படுகிறது. கைப்பேசி வைத்திருக்கும் ஒவ்வொருவரும் படப்பிடிப்பாளராகிவிட்ட காலம் இது. ஆயினும், எடுக்கப்படும் படங்களின் பெருக்கத்திற்கும் அவை நமக்கு விட்டுச்செல்லும் செய்திக்கும் இடையே பெரும் இடைவெளி இருப்பதைக் காண்கிறோம். தைப்பூசக் காவடி, 2006ஆம் ஆண்டு பத்துமலையில் திறக்கப்பெற்ற 140 அடி முருகன் திருவுருவம், தீபாவளிக் காலக் கடைத்தெரு ஆகியன மீண்டும் மீண்டும் படமாகின்றன. திருவிழா முடிந்த மறுநாள் அதே தெருவில் நிகழும் வாழ்க்கை அவ்வாறு பதிவாவதில்லை.

இக்குறையை உணர்ந்த சிலர் கிள்ளானிலும் பிரிக்பீல்ட்சிலும் நடந்து திரிந்து, பூக்கடை, தேநீர்க்கடை, தொடர்வண்டி நிலையப் படிக்கட்டு, ஆற்றங்கரை போன்ற அன்றாடக் காட்சிகளைப் படமாக்கி வருகின்றனர். வரவேற்கத்தக்க இம்முயற்சியைத் தமிழ்த் திறனாய்வு போதிய அளவு கவனித்ததாகத் தெரியவில்லை. நிழற்படம் மேலைக் கருவி கொண்டு ஆக்கப்படுவதால் மேலைக் கோட்பாட்டாலேயே அதனை அளக்க வேண்டும் என்ற எண்ணம் இதற்குக் காரணமாகலாம். இடம், காலம், பொருள், மாந்தர் ஆகியவற்றின் இயைபைப் பற்றித் தொல்காப்பியப் பொருளதிகாரம் வகுத்துள்ள நெறி, அன்றாடக் காட்சிப் படங்களை மதிப்பிடுவதற்கும் துணைசெய்யும் என்பது நம் கருத்து. முதல், கரு, உரி என்னும் மூன்றனையும் அடியொற்றி இவ்வகைப் படங்களின் நிறைகுறைகளை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நாடக வழக்கும் உலகியல் வழக்கும்

புலனெறி வழக்கம் என்பது நாடக வழக்கு, உலகியல் வழக்கு ஆகிய இரண்டும் இயைந்தது என்பது தொல்காப்பியர் கொள்கை. சுவைபட வருவனவற்றையெல்லாம் ஓரிடத்தே நிகழ்ந்தனபோலத் தொகுத்துரைப்பதே நாடக வழக்கு என்று இளம்பூரணர் விளக்குவார். இவ்விளக்கம் நிழற்படத்திற்கும் பொருந்தி வருதல் நோக்கத்தக்கது.

மலாயாவில் நிழற்படக்கலை கால்கொண்டபோது நாடக வழக்கே மேலோங்கியிருந்தது. சிங்கப்பூரில் இயங்கிய ஜி. ஆர். லம்பர்ட் நிழற்பட நிலையத்தார் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தமிழர் பலரைத் தம் நிலையத்தினுள் நிறுத்தி, வரைந்த திரைச்சீலையைப் பின்னே தொங்கவிட்டுப் படமெடுத்தனர். அவை அஞ்சலட்டைகளாகவும் தொகுப்பேடுகளாகவும் விற்பனையாயின. அவற்றின் கீழே காணப்படும் குறிப்பு பெரும்பாலும் 'கிளிங் பெண்', 'தமிழர்' என்ற அளவிலேயே நின்றுவிடுகிறது. நிற்பவர் யார், எவ்வூரினர், என்ன தொழிலினர் என்பன போன்ற செய்திகள் இல்லை. மனிதர் ஓர் இனத்தின் மாதிரியாக மட்டுமே காட்டப்பெற்றனர்.

தமிழர் கருவிக்கு முன்னே நின்றவர்கள் மட்டும் அல்லர் என்பதையும் இங்கே கருத வேண்டும். 1862ஆம் ஆண்டு நீரிணைக் குடியேற்றப் பகுதிக்கு வந்த ஸ்காட்லாந்துப் படப்பிடிப்பாளர் ஜான் தாம்சன், பினாங்கில் பணியாற்றியபோது சென்னைப் பகுதியைச் சேர்ந்த இருவரைப் பயிற்றுவித்துப் படம் அச்சிடவும் பிற பணிகளுக்கும் அமர்த்திக்கொண்டதைத் தம் பயண நூலில் குறிப்பிடுகிறார். அவர்களுடைய பெயர்களை நாம் அறியோம். மலாயா நிழற்பட வரலாற்றின் தொடக்கத்திலேயே இருட்டறையில் நம்மவர் கை இருந்திருக்கிறது. ஆனால் அக்கைக்கு உரியவர் பெயர் வரலாற்றில் இல்லை. பெயரின்மை என்னும் இச்சிக்கல் இக்கட்டுரையின் பிற்பகுதியில் மீண்டும் எழும்.

இன்றைய அன்றாடக் காட்சிப் படங்கள், திரைச்சீலையை விட்டுத் தெருவுக்கு வந்துவிட்டமையால் முற்றிலும் உலகியல் சார்ந்தவை என்று சிலர் கருதுவர். அக்கருத்து ஏற்கத்தக்கதன்று. 2010ஆம் ஆண்டு அக்டோபரில் இந்தியப் பிரதமர் மன்மோகன் சிங்கும் மலேசியப் பிரதமர் நஜிப் துன் ரசாக்கும் பிரிக்பீல்ட்சைச் 'சின்ன இந்தியா' என முறையாகத் திறந்துவைத்தனர். 2015ஆம் ஆண்டு நவம்பரில் சாஞ்சித் தோரணத்தை முன்மாதிரியாகக் கொண்ட வாயில் ஒன்று அங்கே திறக்கப்பெற்றது. இன்று எடுக்கப்படும் பிரிக்பீல்ட்ஸ் படங்களுள் பல, இவ்வண்ண வளைவுகளையும் தோரணத்தையும் சட்டகமாக்கி, அவற்றின் நடுவே ஒரு முதியவரையோ சேலையணிந்த பெண்ணையோ நிறுத்திவிடுகின்றன. லம்பர்ட்டின் திரைச்சீலை துணியாலானது. இத்திரைச்சீலை சிமெந்தாலும் கல்லாலும் ஆனது. வேறுபாடு அவ்வளவே.

தெரிந்தெடுத்தல் இன்றிப் படம் இல்லை. ஆகவே நாடக வழக்கு குறையாகாது. உலகியல் வழக்கின் துணையின்றி அது தனித்து நிற்கும்போதுதான் படம் வெறும் அலங்காரமாகிவிடுகிறது.

முதற்பொருள்: கடன்வாங்கிய வசந்தம்

நிலமும் பொழுதும் முதற்பொருள். கிள்ளான் நெய்தல் சார்ந்த நகர். ஆறு கடலோடு கலக்கும் முகத்துவாரத்தில் 1901ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற சுவெட்டன்ஹாம் துறைமுகம் 1972 முதல் கிள்ளான் துறைமுகம் எனப் பெயர்பெற்றது. 1880இல் கோலாலம்பூருக்கு மாற்றப்படும்வரை சிலாங்கூரின் தலைநகராக விளங்கிய கிள்ளான், 2024ஆம் ஆண்டு பிப்ரவரியில் மாநகராக உயர்த்தப்பெற்றது. கடல்வழி வந்த தமிழ்த் தொழிலாளர் பலர்க்கு இத்துறைமுகமே மலாயாவின் தலைவாயிலாகவும் இருந்தது. நிலத்தைப் பொறுத்தவரை நம் படப்பிடிப்பாளர்கள் பெரும்பாலும் தெளிவாகவே உள்ளனர்.

பொழுதைக் கையாள்வதில்தான் தடுமாற்றம் தோன்றுகிறது. நிலநடுக்கோட்டிற்கு ஏறத்தாழ 3 பாகை வடக்கே அமைந்த இந்நாட்டில் மேலைநாட்டு வசந்தம் இல்லை. ஆயினும் ஆண்டுதோறும் வறட்சிக்குப் பின் சாலையோரத் தெக்கோமா மரங்கள் இளஞ்சிவப்பாகப் பூக்கும்போது, அவற்றை 'மலேசியச் சக்குரா' என்றழைத்துப் படமெடுக்கும் வழக்கம் பரவியுள்ளது. நடு அமெரிக்காவையும் தென் அமெரிக்காவின் வடபகுதியையும் தாயகமாகக் கொண்ட மரத்திற்குச் சப்பானியப் பெயரிட்டு மலேசிய வசந்தமாகக் காட்டுவது, பொழுதைக் கடன்வாங்குவதாகும்.

நமக்கென இளவேனில் அடையாளங்கள் இல்லாமலில்லை. அங்சானா மரம் பல சாலைகளில் நிழலுக்காக நடப்பட்டுள்ளது. வெப்பம் மிகுந்த மாதங்களில் ஒருநாள் பூத்து மறுநாள் உதிரும் அதன் மஞ்சள் மலர்கள் தரையை மூடிவிடும். சங்கப் பாடல்களில் பாறைமேல் உதிர்ந்து வேங்கைப் புலியெனத் தோன்றும் வேங்கை மலர்க்கு இம்மரம் நெருங்கிய உறவு; இரண்டும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. சங்க இலக்கியம் கற்பிக்கும் ஆசிரியர்க்கு இதனினும் எளிய சான்று வேண்டுவதில்லை. காலையில் கடைவாயிலில் கிடக்கும் அம்மஞ்சள் மலர்களைத் துப்புரவுப் பணியாளர் கூட்டித் தள்ளும் காட்சி, இந்நிலத்திற்கே உரிய இளவேனில் படமாகும்.

இதனினும் ஆழ்ந்த ஒன்று தோட்டப்புறத்தில் உண்டு. ஏறத்தாழப் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை ரப்பர் மரங்கள் இலையுதிர்த்துத் தளிர்விடும். மேலைக் கண்ணுக்கு அது வசந்தம். பால்மரம் சீவிய குடும்பத்திற்கோ அது பால் குறையும் காலம். மங்கில் பால் குறைந்தால் கையில் கூலியும் குறையும். தளிரின் அழகும் வருவாயின் குறைவும் ஒரே பொழுதில் வந்தன. பின்வந்த அகப்பொருள் நூலார் வேனிலைப் பாலைத்திணைக்கு உரித்தாக்கினர். தொல்காப்பியரும் நண்பகலையும் வேனிலையும் அத்திணைக்கே கூறினார். மார்ச்சு இறுதியில் கோலாலம்பூர் வட்டாரத்தில் கதிரவன் நேர் உச்சிக்கு வருகிறான். பிற்பகல் ஒன்றேகால் மணியளவில் மனிதர் நிழல் காலடிக்குள் ஒடுங்கிவிடுகிறது. பாலையின் நண்பகல் நெய்தல் நகரின் தலைமேல் நிற்கிறது. நிலம் ஒன்றோடொன்று மயங்காது; பொழுதும் ஒழுக்கமும் மயங்கலாம் என்னும் திணைமயக்க விதிக்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

படப்பிடிப்பாளர் பலர் இந்நண்பகலைத் தவிர்த்துவிடுகின்றனர். காலை ஏழரை முதல் ஒன்பது வரையும், மாலை ஐந்தரைக்குப் பின்னும் கிடைக்கும் சாய்வொளியே அழகு என்பது அவர்தம் கொள்கை. ஒளியியல் நோக்கில் இது சரியே. ஆனால் சுமைதூக்குவோரும் சாலைப்பணியாளரும் மதிய உணவுக்கடைக்காரரும் நண்பகலில்தான் உழைக்கின்றனர். பொன்னிற ஒளியில் மட்டுமே ஒரு நகரைக் காட்டினால் உழைப்பு மறைந்து ஓய்வு மட்டுமே எஞ்சும். படங்களைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிவிடும் பழக்கமும் இத்தகையதே. அது காட்சிக்கு என்றுமுள்ள தன்மையைத் தருவதுபோலத் தோன்றினும், காலத்தை அழித்துவிடுகிறது. நெகிழி வாளியின் நிறமும் விளம்பரப் பலகையின் வண்ணமும் ஒரு படத்தின் ஆண்டைச் சொல்லவல்லவை.

கருப்பொருள்: மிதிவண்டியும் பாலமும்

கருப்பொருள் வெறும் பின்னணியன்று. தெய்வம், உணா, விலங்கு, மரம், பறை, செய்தி எனப் பொருளதிகாரம் எண்ணும் பொருள்கள் யாவும் மாந்தர் வாழ்வோடு பிணைந்தவை. உள்ளுறைக்கு அடிப்படையாவனவும் அவையே. அன்றாடக் காட்சிப் படத்திலும் ஒரு பொருள் தன் வரலாற்றோடு இடம்பெறும்போதுதான் உள்ளுறை பிறக்கிறது.

கிள்ளான் ஆற்றின் மேலுள்ள கோத்தா பாலத்தை எடுத்துக்கொள்வோம். ஈரடுக்காக அமைந்த அப்பாலத்தின் கீழ்த்தளம் நடப்போர்க்கும் மிதிவண்டிகளுக்கும் என்றே கட்டப்பெற்றது. படப்பிடிப்பாளர்கள் விரும்பும் இடம் அது. தூண்களின் வரிசை, இடையே விழும் ஒளி, கடந்து செல்லும் ஒற்றை மிதிவண்டி என வடிவழகு மிக்க படங்கள் அங்கே எளிதில் அமையும். ஆனால் கிள்ளானில் மிதிவண்டி என்பது வடிவம் மட்டுந்தானா?

1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் ஆர். எச். நாதன் போன்றோர் தலைமையில் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். கூலி உயர்வோடு அவர்கள் முன்வைத்த கோரிக்கைகளுள் ஒன்று, துரைமாரைக் காணும்போது மிதிவண்டியிலிருந்து இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்பது. நாதன் கைதுசெய்யப்பட்டு நாடுகடத்தப்பெற்றார். மே மாதத்தில் படை வரவழைக்கப்பட்டுத் தொழிலாளர் சிலர் சுட்டுக் கொல்லப்பெற்றனர். இவ்வரலாற்றை அறிந்தவர்க்குக் கிள்ளானில் ஒரு தமிழ் முதியவர் மிதிவண்டியை மிதித்தபடியே எவரையும் நோக்காது கடந்து செல்லும் காட்சி வேறொரு பொருள் தரும். இறங்காமல் செல்லுதல் ஒரு காலத்தில் உயிர்கொடுத்துக் கேட்ட உரிமை. அறியாதவர் எடுத்த படத்தில் மிதிவண்டி அழகாக இருக்கும். அறிந்தவர் எடுத்த படத்திலோ அதனுள் உள்ளுறை இருக்கும்.

எளிய பொருள்களை இவ்வாறு மதித்த கலைஞர் ஒருவர் இந்நாட்டில் இருந்தார். பினாங்கைச் சேர்ந்த இஸ்மாயில் ஹாஷிம் (1940–2013) கறுப்பு வெள்ளைப் படங்களை அச்சிட்டு, அவற்றின்மேல் கையாலேயே வண்ணம் தீட்டினார். முடிதிருத்தகம், அஞ்சல்பெட்டி போன்ற நாள்தோறும் காணும் இடங்களும் பொருள்களுமே அவர்தம் பாடுபொருள்கள். வியப்பூட்டும் காட்சியைத் தேடாமல், ஒரே வகைப் பொருளைப் பலமுறை எடுத்து வரிசைப்படுத்தியமை அவர் முறை. கிள்ளான் பள்ளத்தாக்கில் தமிழர் வாழ்வைப் படமாக்குவோர் அவரிடம் கற்க வேண்டியது இப்பொறுமையே. ஜாலான் தெங்கு கிளானாவின் பூமாலைகளை ஒருமுறை எடுத்தால் அது அழகிய படம். அதே கடையை ஓராண்டு முழுவதும் எடுத்தால், எப்பூ எப்பருவத்தில் வருகிறது, எந்நாளில் கூட்டம் மிகுகிறது, நாரின் இடத்தை எப்போது நூல் பிடித்தது என்பன தெரியவரும். அப்போது படம் ஆவணமாகிறது.

உரிப்பொருள்: பெயரும் இசைவும்

அகத்திணையில் தலைமக்களின் பெயரைச் சுட்டிக் கூறுதல் இல்லை, புறத்திணையில் உண்டு. அகத்தின் பெயரின்மை காப்பு நோக்கியது. ஒருவர்தம் அந்தரங்கத்தைக் காத்து, அவ்வுணர்வை எல்லார்க்கும் பொதுவாக்குகிறது. லம்பர்ட் படங்களின் பெயரின்மையோ அத்தன்மையதன்று. அது ஒருவரை இல்லாமலாக்குகிறது. இன்றைய தெருப்படங்களின் பெயரின்மை இவ்விரண்டனுள் எதனைச் சாரும் என்பதே நம்முன் உள்ள வினா.

பிரிக்பீல்ட்சில் இவ்வினா கூர்மையடைகிறது. மலேசியப் பார்வையற்றோர் சங்கத்தின் தலைமையிடம் அங்கேதான் உள்ளது. அதனால் பார்வையற்றோர் பலர் அப்பகுதியில் வாழ்ந்தும் தொழில்செய்தும் வருகின்றனர். வெண்கோல் ஊன்றிச் சாலை கடப்பவரின் படம் பிரிக்பீல்ட்ஸ் படத்தொகுப்புகளில் எளிதில் இடம்பெறக்கூடியது. தெருவில் ஒருவரைக் கேளாமல் படமெடுப்பவர், அவர் கண்டால் தடுத்திருக்கலாம், தடுக்காதது இசைவே என்று வாதிடுவார். கருவியைக் காணவியலாதவரிடம் இவ்வாதம் நிற்காது. அவரிடம் குரல்கொடுத்துக் கேட்டபின் எடுப்பதே முறை. கேட்டால் இயல்பு கெட்டுவிடும் என்பர். இயல்பு கெட்டாலும் மதிப்பு கெடாது. கேட்டபின் எடுக்கும் படத்தில் நாடகத்தன்மை கூடலாம். அந்நாடகத்தில் அவரும் பங்காளி ஆகிறார்.

நம் நோக்கில் தீர்வு இதுவாகும். படத்தில் உள்ளவர் இசைந்தால் புறத்திணை போலப் பெயர் குறிக்க வேண்டும். இசையாவிடில் அகத்திணை போலப் பெயர் மறைக்க வேண்டும். ஆனால் இடம், நாள், தொழில் ஆகிய மூன்றும் எந்நிலையிலும் குறிக்கப்பெற வேண்டும். இவையும் இல்லாத படம், எவ்வளவு அழகிதாயினும், 'கிளிங் பெண்' என்னும் அஞ்சலட்டையின் வழித்தோன்றலாகவே எஞ்சும்.

தடையும் விடையும்

விளக்கக் குறிப்பு வேண்டி நிற்கும் படம் கலையாகாது. படம் தானே பேச வேண்டும் என்று ஒரு தடை எழலாம். இதற்குச் சங்க இலக்கியத்தின் வரலாறே விடை தருகிறது. குறுந்தொகைப் பாடல்களுக்குக் கூற்றுக் குறிப்பு உண்டு. புறநானூற்றுப் பாடல்களுக்குத் திணையும் துறையும் பாடியவர் பாடப்பட்டவர் பெயர்களும் கூறும் குறிப்புகள் உண்டு. அக்குறிப்புகளால் பாடலின் கலைத்தன்மை குறைந்ததாக எவரும் கூறார். 1894ஆம் ஆண்டு உ. வே. சாமிநாதையர் புறநானூற்றைப் பதிப்பித்தபோது, ஏட்டில் குறிப்புச் சிதைந்த பாடல்களும் இருந்தன. பாடல் எஞ்சியும் பாடியவரும் பாடப்பட்டவரும் தெரியாமற்போன இடங்களில் நாம் இழந்தது எவ்வளவு என்பதை ஆய்வாளர் அறிவர். குறிப்பில்லாத நிழற்படம் அத்தகைய சிதைந்த ஏடாகும்.

இவ்விழப்பு நம் கண்முன்னேயே நிகழ்கிறது. செங்கல் சூளைகளால் பெயர்பெற்று, தொடர்வண்டித் தொழிலாளர் குடியிருப்பாக வளர்ந்த பிரிக்பீல்ட்ஸின் பழைய தொடர்வண்டிப் பணிமனை நிலத்தில் 2001ஆம் ஆண்டு கோலாலம்பூர் சென்ட்ரல் நிலையம் திறக்கப்பெற்றது. 'நூறு குவார்ட்டர்ஸ்' என்றழைக்கப்பெற்ற தொடர்வீடுகள் இடிக்கப்பெற்றன. கிள்ளானைச் சூழ்ந்திருந்த தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறின. பிரட்டுக்களமும் லயமும் இருந்த இடம் இன்று சாலைப் பெயரில் மட்டுமே எஞ்சுவதுண்டு. 1924 முதல் வெளிவந்த 'தமிழ் நேசன்' நாளிதழும் 2019இல் நின்றுவிட்டது. அன்றாடச் செய்தியோடு அன்றாடப் படத்தையும் அச்சேற்றிய களம் ஒன்று இல்லாதாயிற்று. அவ்விடங்களின் படங்கள் பல குடும்பங்களின் பேழைகளில் உறங்குகின்றன. அவற்றுள் இருப்பவரை இனங்காட்டவல்ல முதியோர் ஒவ்வொருவராக மறைந்து வருகின்றனர்.

தமிழகத்தில் புதுச்சேரிப் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைச் சார்ந்த ஆய்வாளர்கள், பிரிட்டிசு நூலகத்தின் அழிநிலை ஆவணத் திட்ட உதவியுடன் தமிழ் நிழற்பட நிலையங்களின் பழம்படங்களைத் தேடி எண்மவடிவில் காத்துள்ளனர். அத்தகைய முயற்சி கிள்ளான் பள்ளத்தாக்கிற்கும் வேண்டும். பெருநிதி கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. தமிழ்ப்பள்ளி மாணவர் ஒருவர் தம் பாட்டியின் அருகமர்ந்து ஒரு படத்தைக் காட்டி, "இது யாருங்க பாட்டி, எந்தத் தோட்டம், எந்த வருசம்?" என்று கேட்டு எழுதினால் அதுவே தொடக்கம். அவ்வெழுத்து மாணவர்க்குக் கட்டுரைப் பயிற்சியாகும்; துறைக்குச் சான்றாகும்.

முடிவுரை

அன்றாடக் காட்சிப் படங்கள் திருவிழாப் படங்களின் மிகையைச் சமன்செய்ய வந்தவை. அவ்வகையில் அவற்றின் வருகை நன்று. ஆயின் பொழுதைக் கடன்வாங்காமல் இந்நிலத்தின் வேனிலைக் காணுதல், பொருளை வடிவமாக மட்டும் நோக்காமல் அதன் வரலாற்றோடு நோக்குதல், மாந்தரை இசைவோடு அணுகுதல் ஆகிய மூன்றும் கைகூடினாலன்றி அவை அழகிய அஞ்சலட்டைகளாகவே முடியும். ஜான் தாம்சனின் இருட்டறையில் பணியாற்றிய அவ்விருவர் பெயர்களை இனி நம்மால் மீட்டல் அரிது. இன்று கிள்ளானில் பூத்தொடுப்பவரின் பெயரை, அவர் இசைந்தால், படத்தின் பின்புறத்தில் எழுதிவைத்தல் அரிதன்று. நாமும் நம் மாணவரும் உடனே செய்யத்தக்க பணி அதுவே.